சட்டத்தோடு சம்பந்தமில்லாத மூன்று வரிகள்

என் கைத்தொலைபேசியில் இப்போது பதினொரு சுயவிபரக் கோவைகள் கிடக்கின்றன. எல்லாம் சட்டம் படிக்கிற, அல்லது படித்து முடித்து வேலை தேடுகிற பிள்ளைகளுடையவை. நான் சட்டத்தரணி அல்ல. மன்னார் பட்டினத்தில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தக் கந்தோருக்கு ஆள் எடுக்கும்போதெல்லாம் விண்ணப்பங்களை முதலில் படித்தவன் நான்தான் என்று யாரோ ஊரெல்லாம் சொல்லிவைத்துவிட்டார்கள். அன்றோடு நிம்மதி போயிற்று. "அங்கிள், ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்று அனுப்பிவிடுகிறார்கள். பதினொன்றும் ஒரே அச்சு. இடப்பக்கம் நீலப் பட்டை, அதற்குள் வட்டமாக ஒரு படம், கீழே மொழித்திறனுக்கு ஐந்து நட்சத்திரம். தமிழுக்கு நாலரை நிரப்பியிருக்கிறார்கள். தாய்மொழியில் அரை நட்சத்திரம் எங்கே தவறிப்போனதோ தெரியாது.

கடைசியில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. தொண்டராகச் செய்த வேலையைப் போடலாமா? அது சட்ட வேலை இல்லையே, போட்டால் சிரிப்பார்களா? இணையத்தில் ஒருவர் போடச் சொல்கிறாராம், இன்னொருவர் வேண்டாம் என்கிறாராம். போன கிழமை இலுப்பைக்கடவையில் இருந்து ஒரு பிள்ளை ஒரே நாளில் மூன்று தரம் அழைத்து இதையே கேட்டது. மூன்றாந்தரம் கத்திவிட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது. கோபம் அந்தப் பிள்ளையில் இல்லை. இதே கேள்விக்கு நான் ஒருமுறை, துளியும் சந்தேகமில்லாமல், பதில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதில் என்ன செய்தது என்பதை எழுதிவிடுகிறேன். இனிக் கேட்கிறவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம்.

நான் கந்தோருக்கு ரைப் அடிக்க வந்தவன். வந்த இரண்டாம் வருடம் யுத்தத்தில் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, மறுபடியும் இடம்பெயர்ந்து, அதற்கிடையில் காணி உறுதிப் பத்திரம் எழுதவும், காணிக் கந்தோரில் பழைய பதிவேடான தோம்பு தேடவும், வழக்குத் திகதிகளை மறக்காமல் வைத்திருக்கவும் பழகிக்கொண்டேன். பழக்கியவர் சந்தியோகு சேர். சட்டத்தரணி, உறுதிகளை அத்தாட்சிப்படுத்துகிற பிரசித்த நொத்தாரிசு. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். மிகுந்த கோபம் வந்தால் அதைக் கூட்டுக்குள் போட்டு மூடுவார். கூடு மூடுகிற அந்தச் சின்னச் சத்தத்துக்கு நாங்கள் எல்லாரும் பயம்.

எந்தக் காகிதத்தையும் அவர் கடைசிப் பக்கத்தில் இருந்துதான் படிப்பார். "முதல் பக்கத்தை எல்லாரும் கவனமா எழுதுவினம் கிளாக்கர். களைச்சுப்போய் எழுதுறது கடைசிப் பக்கம். ஆள் அங்கைதான் இருப்பார்" என்பார்.

உறுதி முடிக்கிற நாளில் அவருக்கு ஒரு முறை இருந்தது. மூன்று பிரதிகளையும் மேசையில் விரித்துவைத்து, இரண்டு சாட்சிகளையும் இருத்தி, காணியை எழுதிக் கொடுக்கிறவரைத் தனக்கு நேரே உள்ள கதிரையில் இருக்கச் சொல்லுவார். கூட வந்தவர்கள் எல்லாரும் வெளியே போய்விட வேண்டும். பிறகு, சம்மதமா என்று கேட்கமாட்டார். "இண்டைக்கு என்னத்துக்கு இங்கை வந்தனீங்கள்?" என்று கேட்பார். ஒருமுறை ஒரு ஆச்சி, "மோன் வரச் சொன்னவன், வந்தனான்" என்றார். சேர் பேனையை மூடி, ஆச்சிக்குத் தேத்தண்ணி வருவித்துக் கொடுத்து, அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். மகன் கந்தோர் வாசலில் நின்று என்னை ஏசினான். ஏச்சு வாங்குவதும் கிளாக்கரின் கடமைகளில் ஒன்று.

விண்ணப்பங்கள் விஷயத்தில் மட்டும் எனக்குத் தனி அதிகாரம். உறையைப் பிரிப்பது, திகதி முத்திரை குத்துவது, இலக்கமிடுவது, மூலச் சான்றிதழ்களைப் பிரதிகளோடு ஒத்துப்பார்ப்பது எல்லாம் நான். ஒரு தடவை எங்களுக்குக் கனிஷ்ட சட்டத்தரணியாக ஒருவர் வந்தார். அவருடைய கோவையில் ஒன்றரைப் பக்கம் தொண்டு. இளைஞர் கழகத் தலைவர், விளையாட்டுக் கழகச் செயலாளர், இரத்ததான முகாம் ஒருங்கிணைப்பாளர், கடற்கரைத் துப்பரவுக் குழு ஆலோசகர். இந்தச் சின்ன ஊரில் இத்தனை பதவி எங்கே கிடந்தது என்று நான் அதிசயப்பட்டேன். வேலைக்கு எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர் கந்தோரில் இருக்கவே மாட்டார். வழக்குக் கூப்பிடுகிற நேரத்தில் ஆள் எங்கேயாவது ஒரு கூட்டத்தில் மாலை போட்டுக்கொண்டு நிற்பார். ஏழு மாதம் அவருக்காக நீதிமன்ற வாசலில் ஓடி ஓடி என் முழங்கால் தேய்ந்தது. அவர் போன அன்று நான் ஒரு சட்டம் போட்டேன். இனிமேல் விண்ணப்பம் இரண்டு பக்கம். சட்டத்தோடு சம்பந்தமில்லாத எதுவும் அதில் இருக்கக்கூடாது.

சேரிடம் சொன்னேன். ஏதோ வழக்குக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவர், "ம்" என்றார். அதை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த முறை ஆள் எடுத்தபோது ஹஸீனா வந்தார். முசலிப் பக்கம். குடும்பம் புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் இடம்பெயர்ந்திருந்துவிட்டு ஊர் திரும்பியது. அவர் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தபாலில் அனுப்பாமல் நேரே கொண்டுவந்து, மேசைக்கு முன்னால் நின்று, உறையைத் தராமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஐயா, கடைசியிலை மூண்டு வரி இருக்கு. அதை விடலாமோ, எடுக்கட்டோ?"

"என்ன வரி?"

"காதுகேளாத பிள்ளையளின்ரை விடுதி ஒண்டிலை அஞ்சு வருசம் சனிக்கிழமையிலை தொண்டரா இருந்தனான். அது..."

முழுவதையும் நான் கேட்கவில்லை. கழகத் தலைவரின் முகம்தான் என் கண்ணுக்குள் நின்றது. "பிள்ளை, இது நல்ல மனுசிப் போட்டிக்கு விண்ணப்பமில்லை. கோட்டிலை நிண்டு பேசுற வேலை. சட்டத்தோடை சம்பந்தமில்லாததை எடும்" என்றேன்.

"சரி ஐயா" என்று போனார். தெருவுக்கு அந்தப் பக்கம் உள்ள போட்டோக்கொப்பிக் கடையில் மறுபடி அடித்து, அரை மணித்தியாலத்தில் கொண்டுவந்து தந்தார். இரண்டு பக்கம், துப்பரவாக. அந்த மூன்று வரியில் மூன்றாவது என்ன என்று நான் கேட்கவே இல்லை.

நேர்முகத்துக்கு நான்கு பேர் வந்தார்கள். சேர் ஒவ்வொருவரிடமும் கடைசியாக, "இந்தத் தாளிலை இல்லாத ஒண்டைச் சொல்லும்" என்றார். ஹஸீனாவிடமும் கேட்டார். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் பக்கத்து மேசையில் புள்ளித்தாளோடு இருந்தேன். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. "ஒண்டுமில்லை சேர்" என்றார். சேர் இன்னொருவரைத் தெரிவுசெய்தார், முதற்தரத்தில் சித்தியடைந்த ஒரு தம்பியை. அவர் நல்ல வேலைகாரர்தான், குறை சொல்லமாட்டேன்.

அடுத்த கிழமை பாப்பாமோட்டையில் இருந்து வயல் செய்கிற கமக்காரர், அருளப்பு என்று ஒருவர் வந்தார். அவருடைய தம்பி செபஸ்திக்குப் பிறப்பிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. தாய் தன் காணியைச் செபஸ்தியின் பெயரில் எழுதிவிட்டுச் செத்துப்போனார். வீட்டுவளவு, கிணறு, பின்னால் வயல். அதைத் தம்பி தனக்கு நன்கொடையாக எழுதித் தரப்போகிறான் என்றார் அருளப்பு. விதைப்புக்கு முதல் கமக்காரர் பதிவைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டுமாம்.

சேர் என்னைக் கூப்பிட்டார். "நான் கேக்கிறதை அவரிட்டை எப்பிடிக் கேக்கிறது? சைகை தெரிஞ்ச ஆரும் இருக்கினமோ எண்டு விசாரியும்."

விசாரித்தேன். நாலு இடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். வெளியூரில் ஒரு ஆசிரியை இருந்தார், ஆனால் அவருக்கு அடுத்த மாதம்தான் நேரம். "கிட்டடியிலை ஒருத்தரும் இல்லை சேர்" என்று வந்து சொன்னேன். இதைச் சொன்னபோது என் இடுப்பு உயரத்தில், அலுமாரியின் இரண்டாம் தட்டில், ஹஸீனாவின் விண்ணப்பம் கிடந்தது.

"அப்ப அடுத்த மாசம் பாப்பம்" என்றார் சேர்.

அருளப்பு விடவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறி வந்து என் மேசைக்கு முன்னால் நிற்பார். ஒருநாள் செபஸ்தியையும் கூட்டிவந்தார். நாற்பது வயதிருக்கும். சுத்தமான வெள்ளைச் சேர்ட், நன்றாகச் சீவிய தலை. அண்ணன் கையைக் காட்டி ஏதோ செய்தார், தம்பி தலையாட்டினார். எனக்கு அது போதும் என்று பட்டது. "ஆளுக்கு விளங்குது சேர், வடிவாத் தலையாட்டுறார்" என்று நானே போய் வற்புறுத்தினேன். சேர் நெற்றியைத் தடவினார். "கூட்டிக்கொண்டு வரச் சொல்லும், நேரிலை பாப்பம்" என்றார். பார்ப்போம் என்றுதான் சொன்னார். நான் மூன்று பிரதியும் அடித்து, முத்திரை ஒட்டி, சாட்சிக்குப் போட்டோக்கொப்பிக் கடைக்காரரையும் சொல்லிவைத்துவிட்டேன். இரண்டாவது சாட்சி நான்.

அந்த நாள் காலை பத்து மணியிருக்கும். ஹஸீனா தன் மூலச் சான்றிதழ்களை எடுத்துப்போக வந்தார். அவை அலுமாரியில் இருந்தன. அலுமாரிப் பூட்டின் திறப்பு சேரின் அறையில். "கொஞ்சம் வாங்கிலை இரும்" என்றேன். அந்த நீள மர வாங்கில் ஏற்கனவே செபஸ்தி இருந்தார். அருளப்பு அடையாள அட்டையைப் பிரதி எடுக்கக் கடைக்குப் போயிருந்தார்.

நான் உறுதியின் எல்லைகளைக் கடைசித் தடவை சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வடக்கே ஒழுங்கை, கிழக்கே வேறொருவரின் காணி. நிமிர்ந்தபோது ஹஸீனா என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"ஐயா, அந்த ஆள் என்னத்துக்கு வந்திருக்கிறார்?"

"உமக்கேன்?"

"அண்ணன் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு போனதைப் பாத்து, படம் ஒட்டின புது அட்டை ஒண்டு தரப்போகினம், அதுக்குக் கைநாட்டு வைக்க வந்ததா நினைச்சுக்கொண்டிருக்கிறார். உங்கடை மேசையிலை காணி உறுதி கிடக்கு."

எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த நேரம் நான் சொன்னதை இன்று எழுதவும் கூசுகிறது. "உமக்கு வேலை கிடைக்கேல்லை எண்டதுக்காக இங்கை வந்து குழப்படி பண்ணாதேயும். அந்த ஆள் ஊமை. அவர் நினைக்கிறது உமக்கு எப்பிடித் தெரியும்?"

"கதைச்சனான் ஐயா."

"ஊமையோடை கதைச்சனீரோ?"

அவர் இரண்டு கையையும் மேசைக்கு மேலே தூக்கிக் காட்டினார். "இதாலை. அவர் சின்னனிலை நாலு வருசம் காதுகேளாத பிள்ளையளின்ரை பள்ளிக்கூடத்திலை படிச்சவர். பிறகு இடம்பெயர்ந்து விட்டுப்போச்சாம். எனக்கு முழுக்க விளங்கேல்லை, மூண்டு தரம் திருப்பித் திருப்பிக் கேட்டனான். ஆனா காணி எண்ட கதையே அவருக்குத் தெரியாது." பிறகு, சண்டைக்காக அல்ல, சாதாரணமாகச் சொன்னார்: "சைகைமொழி தெரியும் எண்டுதான் ஐயா அந்த மூண்டாவது வரி. நீங்கள் எடுக்கச் சொன்னீங்கள்."

நான் எழும்பிச் சேரின் அறைக்குள் போய்ச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ரெண்டு பேரையும் வரச் சொல்லும். அண்ணன் வந்தா வெளியிலை நிக்கட்டும்" என்றார்.

அவர் ஹஸீனாவிடம் முதலில் சொன்னது இது: "பிள்ளை, நான் கேட்டதை மட்டும் கேக்கவேணும். அவர் சொன்னதை மட்டும் எனக்குச் சொல்லவேணும். நடுவிலை உம்முடைய புத்தியைப் போடக்கூடாது. விளங்காட்டி விளங்கேல்லை எண்டு சொல்லவேணும்." ஹஸீனா, "ஓம் சேர்" என்றார்.

"இண்டைக்கு என்னத்துக்கு வந்தனீங்கள்?"

செபஸ்தி நெஞ்சில் ஒரு சின்னச் சதுரம் வரைந்தார். அட்டை. படம். பஸ்ஸில் காட்டுவதற்கு.

"நீங்கள் இருக்கிற காணி ஆருடையது?"

இதற்கு அவர் கையால் பேசவில்லை. எழும்பி வந்து, சேரின் மேசைமேல் சுட்டுவிரலால் கோடு இழுத்தார். வேலி. படலை. கிணறு. இரண்டு பனை. பின்னால் நீளமாக வயல். உறுதியில் நான் ஒன்றரைப் பக்கம் அடித்த எல்லைகளை அவர் ஒரு நிமிடத்தில் வரைந்துவிட்டார். பிறகு நெஞ்சைத் தொட்டு, மேலே காட்டினார். "அம்மா எனக்குத் தந்தது எண்டுறார்" என்றார் ஹஸீனா.

சேர் மேசையில் இருந்த உறுதியைக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சொல்லச் சொன்னார். ஹஸீனாவுக்கு நன்கொடை என்ற சொல்லுக்குச் சைகை வரவில்லை. "சேர், எனக்குத் தெரியேல்லை, வேறை விதமாச் சொல்லட்டோ?" என்று கேட்டுக்கொண்டு, காகிதத்தைச் செபஸ்தியின் பக்கத்தில் வைத்து, அதை எடுத்துக் கதவுப் பக்கமாகக் கொடுப்பதுபோலச் செய்து காட்டினார். கதவுக்கு வெளியே அருளப்பு நின்றுகொண்டிருந்தார். செபஸ்தி அண்ணனை நெடுநேரம் பார்த்தார். கோபமாகத் தெரியவில்லை. பிறகு ஒரு கையை நீட்டி ஒரேயொரு சைகை செய்தார்.

ஹஸீனா தயங்கினார். "ஏன் தன்னட்டைக் கேக்கேல்லை எண்டு அண்ணனைக் கேக்கிறார், சேர்."

அருளப்பு உள்ளே வந்துவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். மெல்லத்தான் சொன்னார். "முப்பது வருசம் சேர். ஓடித் திரிஞ்ச காலமெல்லாம் இவனைக் கையிலை பிடிச்சுக்கொண்டு திரிஞ்சனான். செல்லடிக்கிற சத்தம் இவனுக்குக் கேக்காது, நான்தான் இழுத்துப் பங்கருக்குள்ளை விடுறது. சோறு போட்டனான். சாப்பிடு, படு, வா, போ, இவ்வளவுதான் எனக்குக் கையாலை சொல்லத் தெரியும். காணியைத் தா எண்டு என்னெண்டு கேக்கிறது? எனக்கு எங்கை தெரியும்?"

சேர் மூன்று பிரதிகளையும் எடுத்துக் குறுக்கே கோடு போட்டு, நிறைவேற்றப்படவில்லை என்று எழுதினார். "ரெண்டு பேரும் வீட்டை போங்கோ. ரீச்சர் வந்த பிறகு, அவசரப்படாமல், இருந்து கதைப்பம்" என்றார்.

அவர்கள் போன பிறகு ஹஸீனாவின் விண்ணப்பத்தைக் கேட்டார். கொடுத்தேன். வழமைபோலக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். "இதிலை சைகைமொழி எங்கை?"

"நான்தான் எடுக்கச் சொன்னனான் சேர். சட்டத்தோடை சம்பந்தமில்லை எண்டு."

அவர் கண்ணாடியை எடுத்துக் கூட்டுக்குள் போட்டு மூடினார். "கிளாக்கர், உமக்கு வாசிக்கிற வேலைதான் குடுத்தனான். வெட்டுற வேலை குடுக்கேல்லை."

ஹஸீனா அங்கேயே நின்றிருந்தார். சேர் அவரிடம், இன்னொரு இடம் உண்டாக்கலாம், வாறீரோ என்று கேட்டார். அவர் நன்றி சொன்னார். "வவுனியாவிலை ஒரு சட்டத்தரணியிட்டை வேலை கிடைச்சிட்டுது சேர். சேட்டிபிக்கற் எடுக்கத்தான் வந்தனான்." என் பக்கம் திரும்பி, "அங்கை அந்த மூண்டு வரியையும் போட்டனான் ஐயா" என்றார். குத்திக்காட்டியதாக இல்லை. தகவலாகத்தான் சொன்னார். அது இன்னும் மோசம்.

ஆகவே, என் தொலைபேசியை நிரப்புகிற பிள்ளைகளே, போடலாமா கூடாதா என்று என்னைக் கேட்காதேயுங்கள். போடுங்கள். ஆனால் பதவியைப் போடாதேயுங்கள். தலைவர், செயலாளர் எல்லாம் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாது. எங்கே, எவ்வளவு காலம், யாரோடு, என்ன செய்தீர்கள், அதனால் இன்று உங்களுக்கு என்ன தெரியும் என்று எழுதுங்கள். மடு மாதா கோயில் திருவிழாவில் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் ஊற்றினேன் என்று எழுதுங்கள். அங்கே கூட்டத்தில் காணாமல்போன பிள்ளைகளைத் தாயிடம் சேர்க்கிற கூடாரத்தில் இருந்தீர்கள் என்றால், அழுகிற மனிதரிடம் விபரம் கேட்டு எழுதத் தெரியும் என்று எழுதுங்கள். எந்தச் சட்டக் கந்தோருக்கும் அது வேண்டும். கடற்கரையில் குப்பை பொறுக்கியது ஒரே ஒரு நாள், அதுவும் படம் எடுப்பதற்கு என்றால், தயவுசெய்து விட்டுவிடுங்கள். வாசிக்கிறவன் என்னைப்போல ஒரு மடையனாக இருந்து, இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், எதற்கு என்பதை அவனுக்கு முன்னால் நின்று சொல்லுங்கள். "சரி ஐயா" என்று திரும்பிப் போகாதேயுங்கள்.

ஆசிரியை அடுத்த மாதம் வந்தார். அண்ணனும் தம்பியும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். இந்த முறை பேச்சு இரண்டரை மணித்தியாலம் நடந்தது. இடையில் எல்லாருக்கும் பாணும் சம்பலும் வாங்கிவரப் போனேன். முடிவில் செபஸ்தி தானே சொல்லி எழுதுவித்தார். வயல் அண்ணனுக்கு. வளவும் கிணறும் தனக்கு. முதலே கேட்டிருந்தால் முதலே கொடுத்திருப்பேன் என்றார். அருளப்பு நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

செபஸ்தி பெருவிரலை மையில் தோய்த்து மூன்று பிரதியிலும் வைத்தார். அதைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"அண்டைக்கு வாங்கிலை இருந்த பிள்ளை எங்கை எண்டு கேக்கிறார்" என்றார் ஆசிரியை.

"வவுனியாவிலை வேலை செய்யிறா எண்டு சொல்லுங்கோ."

செபஸ்தி மறுபடி கேட்டார். "ஏன் இங்கை இல்லையாம்?"

சேர் பேனையைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தப்ப வழியில்லை. "அவவுக்குக் கையாலை கதைக்கத் தெரியும் எண்டதை நான்தான் வெட்டச் சொன்னனான். அதாலை சேருக்குத் தெரியாமல் போச்சுது எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

ஆசிரியை சொன்னார். செபஸ்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, விறுவிறுவென்று பதில் சொன்னார். ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டார்.

"சொல்லுங்கோ" என்றார் சேர்.

"அப்ப சேர் பிழையான ஆளையெல்லோ வேலைக்கு வைச்சிருக்கிறார் எண்டு சொல்லுறார்."

சந்தியோகு சேர் சத்தமாகச் சிரித்தார். முப்பத்திரண்டு வருடத்தில் நான் அதை அன்று ஒருநாள்தான் கேட்டேன். சிரித்து முடித்து, உறுதியை என் பக்கம் தள்ளினார். நான் சாட்சிக் கையெழுத்து வைத்தேன்.